நூலகரும் சங்கக் குழுவும்: பதவி உயர்வுப் படிவத்தில் இடமில்லாத உழைப்பு

எஸ். ஆர். ரங்கநாதனின் ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ 1931-இல் வெளிவந்தது. வெளியிட்டது அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் அன்று. அப்போது மூன்று வயதே ஆகியிருந்த சென்னை நூலகச் சங்கம். 1933-இல் கோலன் வகைப்பாடு, 1934-இல் பட்டியலாக்க விதிகள் என அடுத்தடுத்து வந்த நூல்களும் அந்தச் சங்கத்தின் வெளியீடுகளே. உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் நூல்களை அச்சேற்றிய அந்தச் சிறு சங்கத்தின் செயலாளர் வேறு யாருமல்லர், ரங்கநாதனேதான்.

வேலை நேரம் முடிந்த பிறகு, சம்பளம் எதுவும் இல்லாமல், ஒரு தொழில்முறைச் சங்கத்தின் குழுவில் உட்கார்ந்து உழைக்கும் நூலகருக்கு அந்த உழைப்பால் என்ன கிடைக்கிறது? பதவி உயருமா? அறிவு வளருமா? அல்லது அழைப்பிதழில் பெயர் வருவதோடு முடிந்துவிடுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழக விதிகளிலேயே விடை எழுதப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் சங்கமே தகுதிப் பட்டம் தருகிறது. நம் நாட்டிலோ வரலாறு ஒன்றைச் சொல்கிறது, பதவி உயர்வுப் படிவம் வேறொன்றைச் சொல்கிறது.

முதலில் வரலாறு. 1924 ஜனவரியில் ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றபோது அவர் மாநிலக் கல்லூரிக் கணித ஆசிரியர். நூலகத் தனிமை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிட நினைத்தவரைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பெர்விக் சேயர்ஸிடம் பயின்றார். பிரிட்டனின் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அந்த நாட்டு நூலகர்களுக்கு 1877 முதலே ஒரு சங்கம் இருந்தது. 1925-இல் ஊர் திரும்பிய அவர், மூன்று ஆண்டுக்குள், 1928 ஜனவரியில், சென்னையிலும் அப்படி ஒன்று உருவாக முன்னின்றார்.

அந்தச் சங்கம் அவருக்குக் கொடுத்தவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். 1929-இல் சங்கத்தின் சார்பில் நூலகப் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கியது. 1931-இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, நூலகவியல் ஆசிரியர் என்ற இரண்டாவது அடையாளம் அவருக்குச் சங்கம் வழியாகவே வந்தது. எழுதியவற்றை வெளியிட இடம் கிடைத்தது. இவற்றைவிடப் பெரியது, அரசோடு பேசும் உரிமை. ஒரு பல்கலைக்கழக ஊழியர் தனியாளாகப் போய், மாகாணத்துக்கு நூலகச் சட்டம் வேண்டும் என்று கேட்டால் யார் கேட்பார்கள்? ஒரு சங்கத்தின் செயலாளர் கேட்டால் சட்டமன்றத்தில் மசோதாவாக வரும். அப்படியே வந்தது. 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டுக்காக அவர் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதினார். 1933-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நூலக மசோதா முன்வைக்கப்பட்டது. அது நிறைவேறவில்லை. விடாமல் தொடர்ந்த முயற்சியின் பலனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நாம் இன்றும் கட்டுகிற நூலக வரியின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

1933 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய முதல் அகில இந்திய நூலக மாநாட்டில் இந்திய நூலகச் சங்கம் பிறந்தது. அந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் எம். ஓ. தாமஸ். 1944 முதல் 1953 வரை அச்சங்கத்துக்குத் தலைவர் ரங்கநாதன். 1947-இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனத்தில் ஆவணமாக்கக் குழுவின் தலைமையும், அடுத்த சில ஆண்டுகளில் சர்வதேச ஆவணமாக்கக் கூட்டமைப்பின் வகைப்பாட்டுக் குழுவில் அறிக்கையாளர் பொறுப்பும் அவரைத் தேடி வந்தன. சென்னையிலிருந்து காசி, தில்லி, பெங்களூர் என்று அவர் இடம் மாறிய ஆண்டுகளிலும் இந்தக் குழுப் பொறுப்புகள் அறுபடவில்லை. வேலை மாறினாலும் கூடவே வந்த ஒரே தொடர்ச்சி அதுதான்.

நூலகர்கள் அதிகம் நன்றி சொல்ல வேண்டிய குழு வேறொன்று. 1957-இல் பல்கலைக்கழக மானியக் குழு ரங்கநாதன் தலைமையில் ஒரு நூலகக் குழுவை அமைத்தது. அது சங்கக் குழு இல்லை, அரசு சார்ந்த குழு. ஆனால் முப்பது ஆண்டுச் சங்க உழைப்பில் தேர்ந்தவர் தலைமையில் இருந்ததால்தான் அந்தக் குழு அழுத்தமாகப் பேசியது என்று நம்ப இடமிருக்கிறது. கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களுக்கு ஆசிரியர்களுக்கு நிகரான மதிப்பும் ஊதியமும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இன்று பல்கலைக்கழக உதவி நூலகர் ஒருவர் உதவிப் பேராசிரியரின் அதே ஊதிய நிலையில் பணியில் சேர்கிறார். அந்தப் பரிந்துரையிலிருந்து தொடங்கிய நீண்ட முயற்சியின் பலன் இது. ஒருவருடைய குழு உழைப்பு ஒரு தலைமுறையின் சம்பளத்தையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

அமெரிக்காவுக்கு வருவோம். அமெரிக்க நூலகச் சங்கம் 1876 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தது. கூடியவர்கள் 103 பேர்; அவர்களில் பெண்கள் 13. அமைப்பதில் முன்நின்ற மெல்வில் டூயிக்கு அப்போது 24 வயது. தசம வகைப்பாட்டை வெளியிட்டதும் அதே ஆண்டில். சங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1883-இல் கொலம்பியாக் கல்லூரியின் நூலகரானார். 1887-இல் அங்கே அமெரிக்காவின் முதல் நூலகவியல் பள்ளியைத் திறந்தார். பிறகு நியூயார்க் மாநில நூலகத்துக்குத் தலைமை ஏற்றார். சங்கத்தின் தலைவராகவும் இருமுறை அமர்ந்தார். சங்கப் பொறுப்பும் பதவியும் ஒன்றையொன்று தூக்கிவிட்ட வாழ்க்கை அது. அதே டூயி பெண்களிடம் நடந்துகொண்ட முறையும் அவருடைய இனப் பாகுபாடும் பேசப்பட்டு, 2019-இல் சங்கம் தன் உயரிய பதக்கம் ஒன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியது. சங்க மேடை ஒருவருக்குக் கொடுக்கும் உயரத்தால் அவர் எப்படிப்பட்டவர் என்பது நெடுங்காலம் மறைந்தே கிடக்கலாம் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று அங்கே நடைமுறை எப்படி? பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நூலகர்களுக்கு ஆசிரியத் தகுதி உண்டு. கல்லூரி, ஆய்வு நூலகச் சங்கம் 1971-இல் இதற்கான நெறிமுறைகளை ஏற்றது. இத்தகைய இடங்களில் பணிநிரந்தரம் தருமுன் மூன்றைப் பார்க்கிறார்கள்: நூலகப் பணி, ஆய்வும் எழுத்தும், தொழிலுக்கும் நிறுவனத்துக்கும் செய்த சேவை. மூன்றாவது பத்தியை நிரப்புவதில் சங்கக் குழுவுக்கு முக்கிய இடம். வெளியூர் அறிஞர்களிடமிருந்தும் மதிப்பீட்டுக் கடிதம் கேட்கும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. பட்டியலாக்க அறையில் பத்து ஆண்டு உட்கார்ந்தவரைத் தன் வளாகத்துக்கு வெளியே யாருக்குத் தெரியும்? அவரோடு இரண்டாண்டு ஒரு குழுவில் இருந்தவருக்குத் தெரியும்.

அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழுக்களுக்குள் நுழையும் வழியும் திறந்தே இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் விருப்பப் படிவத்தை நிரப்பி அனுப்பலாம். அடுத்த ஆண்டுக்கான தலைவராகத் தேர்வானவர் குழு நியமனங்களைச் செய்கிறார். பெரும்பாலான குழுக்களில் பதவிக்காலம் இரண்டாண்டு. சிலவற்றில் பயிற்சி உறுப்பினர் இடமும் உண்டு. புதியவர் ஓராண்டு கூடவே இருந்து பழகலாம். 2007 முதல் வளரும் தலைவர்கள் என்ற திட்டத்தின் கீழ் தொழிலுக்குப் புதியவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து அணிக்கொரு வேலையைக் கையில் கொடுக்கிறார்கள்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே மதிப்பு இல்லை. சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தைத் தேர்ந்தெடுப்பது 15 பேர் கொண்ட குழு. 1922 முதல் ஒவ்வோர் ஆண்டும் தரப்படும் பதக்கம் இது. குழுவில் இடம்பெற்றவர் ஓராண்டு முழுவதும் புத்தகம் புத்தகமாகப் படிக்கிறார், விவாதிக்கிறார். உள்ளே நடந்த விவாதத்தை வெளியில் சொல்லக் கூடாது. ஒரு சிறுநகர நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் இருப்பவருக்கு அந்த ஓராண்டு ஒரு பட்டப்படிப்புக்குச் சமம். ஊருக்குத் திரும்பி அவர் நூல் தேர்வு செய்யும்போது அந்தப் பயிற்சி அவர் கையோடு வருகிறது. பெயரளவில் மட்டும் கூடிக் கலையும் குழுக்களும் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. அவற்றில் பத்தாண்டு இருந்தாலும் சுயவிவரத்தில் ஒரு வரிதான் கூடும்.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய குழு ஒன்றும் அங்கே இருக்கிறது. ஆசிய, ஆப்பிரிக்க மொழி நூல்களின் பட்டியலாக்கத்துக்கென உள்ள குழு அது. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகமும் அமெரிக்க நூலகச் சங்கமும் இணைந்து வெளியிடும் எழுத்துப்பெயர்ப்பு அட்டவணைகள் அந்தக் குழுவின் பார்வைக்கு வருகின்றன. அவற்றில் தமிழுக்கும் ஓர் அட்டவணை உண்டு. சிகாகோவிலோ பெர்க்லியிலோ ஒரு தமிழ் நாவலைத் தேடினால் ழகரம் கீழ்க்கோடு இட்ட ஆங்கில ‘எல்’ எழுத்தாக வருவது அதன்படிதான். ஒரு மொழியின் நூல்கள் வெளிநாட்டு நூலகத்தில் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இப்படிப்பட்ட அட்டவணைகளைப் பொறுத்தது. அந்த மேசையில் தமிழ் அறிந்த நூலகர் ஒருவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் சிறிதல்ல.

சங்கக் கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததா? இல்லை. பெண்கள் பெரும்பான்மையாக உழைத்த தொழிலில் ஒரு பெண் சங்கத் தலைவராக 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் பெண் தலைவர் தெரசா வெஸ்ட் எல்மெண்டார்ஃப். கறுப்பினத்தவருக்கு அதைவிட நெடுங்காலம் கதவு மூடியே கிடந்தது. இங்கே இ. ஜே. ஜோசியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஜோசி ஜார்ஜியா மாநிலத்தில் சவன்னா மாநிலக் கல்லூரியின் நூலகர். தான் வாழும் மாநிலத்தின் நூலகச் சங்கத்திலேயே அவருக்கு இடமில்லை, காரணம் நிறம். 1964-இல் செயின்ட் லூயிஸ் நகரில் தேசிய மாநாடு கூடியபோது, கறுப்பர்களைச் சேர்க்காத மிசிசிப்பி மாநிலச் சங்கத்துக்குப் பாராட்டு அறிவிக்கப்பட்டது. ஜோசி எழுந்து எதிர்த்தார். உறுப்பினர்களைப் பாகுபடுத்தும் மாநிலச் சங்கங்களின் நிகழ்ச்சிகளில் தேசியச் சங்கத்தின் நிர்வாகிகளோ அலுவலர்களோ பங்கேற்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. மறு ஆண்டே ஜார்ஜியா சங்கத்தில் முதல் கறுப்பின உறுப்பினராக அவரே சேர்ந்தார். 1970-இல் சங்கத்துக்குள் கறுப்பின நூலகர்களுக்கான தனி அமைப்பைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். 1984-இல் தேசியச் சங்கத்தின் தலைவரானார். பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

அவர் அங்கே இருந்த ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் கார்லா ஹேடன். சிகாகோப் பொது நூலகத்தில் குழந்தைகள் நூலகராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1993 முதல் பால்டிமோர் நகர நூலகத்தின் தலைவர். 2003-இல் சங்கத் தலைவர். அந்த நேரத்தில் அமெரிக்காவின் தேசபக்திச் சட்டம் வாசகர்களின் நூலகப் பதிவுகளைப் புலனாய்வுத் துறை கேட்டு வாங்க வழிவிட்டிருந்தது. நூலகர்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய அச்சத்தை அரசின் தலைமை வழக்கறிஞர் ஜான் ஆஷ்கிராஃப்ட் வெளிப்படையாக இகழ்ந்தார். ஹேடன் பதில் சொன்னார். ஆஷ்கிராஃப்ட் அவரோடு தொலைபேசியில் பேசினார். அந்தப் பிரிவு அதுவரை எத்தனை முறை பயன்பட்டது என்ற ரகசியக் கணக்கும் வெளியே வந்தது. ஒரு நகர நூலகத்தின் தலைவராக மட்டும் இருந்திருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பு அவருக்கு வந்திருக்காது. 2016-இல் காங்கிரஸ் நூலகத்தின் தலைவராக அவர் பதவியேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவரே. 2025 மே மாதம் அந்தப் பதவியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். சங்கப் பணி ஏணியாக அமைந்தாலும் அரசியல் காற்றிலிருந்து காக்கும் கூரையாக அமையவில்லை.

இந்த உழைப்புக்கு விலை உண்டு. மாநாட்டுப் பயணம், தங்குமிடம், உறுப்பினர் கட்டணம் ஆகியவற்றைப் பெரிய பல்கலைக்கழகம் ஏற்கலாம். சிறு நூலகத்தில் வேலை செய்பவர் தன் பையிலிருந்து எடுக்க வேண்டும். விடுப்பு எடுத்தால் மேசையில் ஆள் இருக்காது. கொரோனாவுக்குப் பின் பல குழுக்கள் இணையவழிக் கூட்டங்களுக்கு மாறியது இந்தச் சுமையைக் குறைத்திருக்கிறது. அதைவிட ஆழமான கேள்வியை 2018-இல் ஃபோபாஸி எட்டார் என்ற அமெரிக்க நூலகர் எழுப்பினார். நூலகப் பணியைப் புனிதத் தொண்டாகப் போற்றிப் போற்றியே குறைந்த சம்பளத்தையும் கூடுதல் சுமையையும் கேள்வி கேட்க முடியாததாக்கிவிடுகிறோம் என்று அவர் எழுதினார். சங்க வேலைக்கும் இது அப்படியே பொருந்தும். சம்பளமில்லாத உழைப்பை மறைமுகக் கட்டாயமாக்கினால், வீட்டுப் பொறுப்பு அதிகம் சுமக்கும் பெண்கள்தான் முதலில் பின்தங்குவார்கள்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே நூலகச் சங்கம் 1898-இல் அரச பட்டயம் பெற்றது. 2002-இல் தகவல் அறிவியலாளர் கழகத்தோடு இணைந்து புதிய அமைப்பானது. பட்டய நூலகர் என்ற தகுதியைப் பல்கலைக்கழகம் தருவதில்லை, அந்த அமைப்பே தருகிறது. இலங்கையும் அதே மரபில் வந்தது. 1960-இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கம் 1974-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. நூலகவியல் டிப்ளோமா வகுப்புகளைத் தானே நடத்துகிறது. பாடத்திட்டம் வகுப்பதும், கற்பிப்பதும், வினாத்தாள் எழுதுவதும் அதன் உறுப்பினர்கள். அங்கே குழுவில் இருப்பது தொழிலுக்கு யார் வரலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு. ஆகவே அதற்குத் தானாகவே மதிப்பு உண்டு.

இந்தியாவுக்குத் திரும்பினால் ஏமாற்றம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிமுறைகளில், பதவி உயர்வுக்கான மதிப்பெண் முறையில், தொழில்முறை வளர்ச்சி என்ற தலைப்பு இருந்தது. கருத்தரங்கு, பயிற்சி, உரை ஆகியவற்றோடு சங்க உறுப்பினர் தகுதியும் அதில் ஒரு சொல்லாக இடம்பெற்றது. சந்தா கட்டியவரும் பத்து ஆண்டு குழு நடத்தியவரும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றே. 2018 விதிமுறைகள் அந்த முறையையே மாற்றின. நூலகர்களுக்கான புதிய மதிப்பீட்டுப் பட்டியலில் நூலகத்துக்கு ஒழுங்காக வருகை, கருத்தரங்கு நடத்துதல், கணினித் தரவுத்தளம், நூல் இருப்புச் சரிபார்ப்பு, கல்லூரி நிர்வாகப் பணிகளில் உதவி, ஆய்வுக் கட்டுரை ஆகியவை இருக்கின்றன. சங்கக் குழு உழைப்புக்கென்று தனி வரி இல்லை. மாணவர் சேர்க்கைப் பணியில் உதவினால் கணக்கில் வரும். நாடு முழுமைக்கும் ஒரு பட்டியலாக்க நெறியை எழுதினால் வராது. இது பெரிய குறை. எவருடைய குழு உழைப்பால் நூலகர்களுக்கு இந்த ஊதிய நிலை கிடைத்ததோ, அவருடைய தொழில் மரபையே படிவம் மறந்துவிட்டது.

பொது நூலகத் துறையில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் ஊர்ப்புற நூலகர்களும் மற்ற நூலகப் பணியாளர்களும் சங்கம் என்றால் முதலில் நினைப்பது ஊதியம், பணிவரன்முறை, பதவி உயர்வு ஆகியவற்றுக்குக் குரல் கொடுக்கும் ஊழியர் சங்கத்தைத்தான். அது நியாயம். வயிற்றுப்பாடு தீராதவரிடம் வகைப்பாட்டுக் குழுவுக்கு வா என்று அழைப்பது முறையன்று. ஆனால் தொழில் நுணுக்கத்தைப் பேசும் மேடை இல்லாவிட்டால், பணியில் இருபது ஆண்டு கழிந்தாலும் ஒரு நல்ல நூலகர் தன் மாவட்டத்துக்கு வெளியே அறியப்படாமலே ஓய்வு பெறுவார். இரண்டும் தேவை. 1955-இல் கொல்கத்தாவில் தொடங்கிய சிறப்பு நூலகங்களுக்கான இந்தியச் சங்கமும் இந்திய நூலகச் சங்கமும் மாநாடு நடத்துகின்றன, இதழ் வெளியிடுகின்றன. அங்கே கட்டுரை வாசித்துவிட்டுச் சான்றிதழோடு திரும்புவோர் பலர். அடுத்த ஆண்டுக்கான வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவோர் சிலரே.

பல நாட்டு அனுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகும் ஒன்று உண்டு. குழுவில் இருந்ததால் யாரும் உயரவில்லை. குழுவில் இருந்து ஏதோ ஒன்றை முடித்துக் கொடுத்தவர்கள் உயர்ந்தார்கள். ரங்கநாதன் பெயரில் சட்ட வரைவு இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது. ஜோசி பெயரில் ஒரு தீர்மானம் இருக்கிறது. ஐயோவா மாநிலத்தின் டிமாய்ன் நகர நூலகத் தலைவர் ஃபாரஸ்ட் ஸ்பால்டிங் 1938-இல் தன் ஊர் நூலகத்துக்காக வகுத்த உரிமைக் கூற்றை மறு ஆண்டே தேசியச் சங்கம் எடுத்துக்கொண்டது. நூலக உரிமைச் சாசனம் என்று இன்றும் வழங்குவது அதன் வழிவந்ததே. எழுத்தில் எஞ்சியது எதுவோ அதுவே அடுத்த வேலைக்கான நேர்காணலில் பேசப்படும்.

ஆகையால் சேர விரும்பும் இளம் நூலகர் முதலில் பெரிய பதவியை நாடக் கூடாது. கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கலாம். குழுவின் போக்கு முழுவதும் அந்த ஒருவருக்குத்தான் தெரியும். ஆறு மாதத்தில் முடியக்கூடிய ஒரு துணைக்குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழில் அத்தகைய வேலைக்குப் பஞ்சமே இல்லை. முன்னெழுத்தும் ஊர்ப் பெயரும் புனைபெயரும் கலந்த தமிழ் ஆசிரியர் பெயர்களைப் பட்டியலில் எப்படி ஒரே சீராக இடுவது? தமிழுக்கான பொருள் தலைப்புகளை யார் தொகுப்பது? கல்லூரி நூலக இணையப் பட்டியல்களில் தமிழ் நூல்கள் பாதி தமிழ் எழுத்திலும் பாதி ஆங்கில எழுத்திலும் கிடப்பதை யார் சீர்செய்வது? ஒரு நூலகர் தனியாக உட்கார்ந்து செய்தால் அவர் நூலகத்துக்கு மட்டும் பயன். ஐந்து கல்லூரி நூலகர்கள் ஒரு சங்கத்தின் பெயரில் செய்தால் மாநிலம் முழுவதும் அது நெறியாகும். அவர்கள் ஐவருக்கும் அது நிலைத்த சான்றாகும்.

பல்கலைக்கழக மானியக் குழுவும் மாநில உயர்கல்வித் துறையும் செய்ய வேண்டியது சிறிய திருத்தம்தான். அடுத்த முறை விதிமுறைகளைத் திருத்தும்போது நூலகர்களின் மதிப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கட்டும்: தொழில்முறைச் சங்கத்தின் குழுவில் பணியாற்றி வெளியிட்ட நெறிமுறை, அறிக்கை, பாடத்திட்டம். சந்தா ரசீதுக்கு மதிப்பெண் வேண்டாம், முடித்த வேலைக்குப் போதும். சங்கங்களும் தங்கள் குழுக்களின் பட்டியலை, பதவிக்காலத்தை, காலியிடங்களை ஆண்டுதோறும் எல்லா உறுப்பினருக்கும் அறிவிக்கட்டும். இதைப் படிக்கும் நூலகர் எவராயினும், தம் துறைக்கான சங்கத்தின் செயலாளருக்கு இந்த மாதமே ஒரு கடிதம் எழுதி, எந்தக் குழுவில் என்ன வேலை பாக்கி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.